எங்கள் வீடு பவுண்டு ஆன கதை

1

நம் சபைப் பத்திரிகையில் மாதர் பக்கத்தைக் கவனிக்கிற அம்மா எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நாங்கள் இந்தியாவுக்கு ஊழியத்துக்கு வந்து இந்தத் தையோடு எட்டு வருஷம் ஆகிறதாம். அந்நிய தேசத்தில் நாங்கள் படும் பாடுகளை யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்கு நான் எழுத வேண்டுமாம். கடைசியில் ஒரு வரி: "கொடிய மிருகங்களைப் பற்றியும் எழுதினால் நல்லது."

கொடிய மிருகம் என்று இங்கே நான் கண்டது ஓர் எருமையைத்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அந்நிய தேசம் என்று பெரிதாக நினைக்க வேண்டாம். தலைமன்னாரில் கப்பலேறி இரண்டு மணி நேரம் வாந்தி எடுத்தால் தனுஷ்கோடி வந்துவிடும். மதுரை வரை ரயில், அருப்புக்கோட்டை வரை பஸ், அங்கிருந்து திருச்சுழிக்குக் கரி பஸ். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்ட பஸ் அது. சண்டை முடிந்த பிறகும் அடுப்பை இறக்கி வைக்க மனமில்லை. மேடு வந்தால் நாங்கள் இறங்கித் தள்ளுவோம். திருச்சுழியிலிருந்து வீரசோழன் பாதையில் மூன்று மைல் நடந்தால் எங்கள் ஊர். வந்த முதல் நாள், "பிரயாணம் எல்லாம் சுகமாய் இருந்தது" என்று நான் சுத்தமான தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெண் அனுதாபத்தோடு, "நீங்க மலையாளமாம்மா?" என்றாள்.

எங்களை வழியனுப்பக் கப்பலடிக்கு வந்தவர் என் பெரியண்ணர். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியார். "பயமாயிருக்கோ?" என்று கேட்டார். "எனக்கென்ன பயம்?" என்றேன். "மூக்கைத் தடவாமல் சொல்லு" என்றார். பொய் சொல்லும்போது என் இடது கை தானாகவே மூக்குக்குப் போய்விடும். சின்ன வயதில் மாங்காய் திருடியதையெல்லாம் அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். கப்பல் நகரும்போதும் விடவில்லை. "பிள்ளைகளை வீட்டிலை வைச்சுப் படிப்பி. கிருபைக்குப் பதினொரு வயசு ஆகேக்கை வந்து சோதிப்பன். படிப்பு வராட்டில் ரெண்டு பேரையும் கையோடை கூட்டிக்கொண்டு வந்திடுவன்" என்று கரையிலிருந்து சத்தமிட்டார்.

அன்றைக்குக் கிருபைக்கு நாலு வயது. சாமுவேல் கைக்குழந்தை. பதினொன்று எங்கே வரப்போகிறது என்று நினைத்து நானும் தலையாட்டிவிட்டேன்.

2

அப்போதெல்லாம் இங்கே என் வேலை இது. காலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து, சிரங்குக்குக் கந்தகக் களிம்பு. ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை என் பிள்ளைகளுக்குப் பாடம். எங்கள் மிஷன் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது, அதனால் வீட்டுத் தாழ்வாரத்தில் நானே தலைமை வாத்தியார், நானே சேவகன். உபதேசியாராகிய என் கணவர் ஊர் ஊராய் நடந்து பிரசங்கம் செய்வார். கேட்பதற்கு ஒருவரும் வர மாட்டார்கள். வந்த புதிதில் நாலு பேர் வந்தார்கள். அவர்களும் தபால் எழுதித் தரச் சொல்லி வந்தவர்கள்.

வந்த நாள் முதல் என் பெரிய பாடு என்னவென்றால், வீட்டுக்கு வேலி இல்லை.

யாழ்ப்பாணத்தில் வேலி இல்லாத வீடு உண்டா? பக்கத்து வீட்டில் என்ன கறி என்று நாம் பார்க்க மாட்டோம். ஓலையில் சின்ன ஓட்டை போட்டுத்தான் பார்ப்போம். அதுதானே மரியாதை. இந்த ஊரில் வீடுகள் வெட்டவெளியில் நிற்கின்றன. வேலி என்பது ஆடு மாட்டுக்குத்தான், மனிதருக்கு எதற்கு என்று கேட்கிறார்கள்.

அதனால் என் பள்ளிக்கூடத்தில் மாணவர் இரண்டு பேர், பதில் சொல்கிறவர் ஊர் முழுக்க. "ஏழெட்டு?" என்று சாமுவேலைக் கேட்பேன். அவன் வாயைத் திறக்குமுன், மோர்ப்பானையோடு தாழ்வாரத்தைக் கடக்கிற ராக்கம்மா, "அம்பத்தாறு" என்பாள். பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாதவள் அவள். நாலு வெள்ளாடும் ஒரு பசுவும் வைத்திருக்கிறாள்.

"ராக்கம்மா, அவன் சொல்லட்டும்" என்பேன்.

"எங்கிட்டுச் சொல்லுறான். மோட்டுவளையப் பாத்துக்கிட்டு நிக்கான். ஒரு வாரம் எங்கூட மோர் ஊத்த அனுப்புங்க டீச்சரம்மா, கணக்குத் தன்னால வந்துரும்."

வேதபாடத்தில் அண்ணன்மார் தம்பியைக் குழியில் தள்ளுகிற இடத்தில் மணி பன்னிரண்டு ஆகி நிறுத்தினால், பக்கத்துக் காட்டில் உழுகிற முத்தையா ஏரை நிறுத்திவிட்டு வந்து நிற்பார். "அந்தக் குழிக்குள்ள கெடக்க பிள்ளை என்னாச்சு? மத்தியானக் கஞ்சி எறங்காது, சொல்லிருங்க" என்பார். அதுவரை என் கணவர் எண்ணிக்கொண்ட ஒரே ஆத்துமா இவர்தான்.

போன வருஷத்துக்கு முந்தின புரட்டாசியில் பெரியண்ணரின் கடிதம் வந்தது. "தையில் வருகிறேன். சோதனைக்கு ஆயத்தமாக இருக்கவும்." அன்றைக்கே சொல்லிவிட்டேன், வேலி போட்டால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியும் என்று.

3

என் கணவருக்கு நன்றாகப் பிரசங்கிக்கத் தெரியும். வேலிக்கு ஒரு கதியால் கம்பு நடத் தெரியாது. பனையோலை கேட்டோம், அது கூரைக்கு வேணும் என்றார்கள். எடுத்துக்கொள்ளச் சொன்னது உடை மரத்து முள் ஒன்றைத்தான். அது இங்கே கேட்காமலே கிடைக்கிறது, காலில்கூட. நடுவில் ஒரு முளை அடித்து, கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு இவர் வீட்டைச் சுற்றி வந்தார். ஆகவே வேலி வட்டமாக வந்தது. வாசலுக்கு முள்ளால் கட்டின ஒரு படல். அதைக் கட்டுகிற கயிற்றை அவசரத்தில் வெளிப்பக்கம் வைத்துவிட்டார்.

ஊரே உதவிக்கு வந்தது. நாங்கள் கூப்பிடவே இல்லை. தலையாரி இருளப்பன் கம்போடு நின்று மேற்பார்வை பார்த்தார். "இன்னும் ரெண்டு முழம் ஒசத்துங்க. எருமை தாண்டிரும்" என்றார். எங்கள் பாதுகாப்பில் இவருக்கு எவ்வளவு கரிசனம் என்று எனக்குக் கண் கலங்கியது. நம் ஊர் வழக்கப்படி வேலி அடைக்க வந்தவர்களுக்கெல்லாம் கருவாடு போட்டுக் கூழ் காய்ச்சி ஊற்றினேன். இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்து வாழ்த்தினார்கள்.

மூன்றாம் நாள் காலை. வேலிக்குள் அமைதி. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என் மகன் ஏழெட்டுக்குத் தானே பதில் சொன்னான், தப்பாகத்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நான் கண்ணை மூடித் திறந்தால், படலைத் தள்ளிக்கொண்டு ஓர் எருமை உள்ளே வந்தது. பின்னால் முத்தையாவின் தலை தெரிந்தது.

"வச்சுக்கிடுங்க டீச்சரம்மா. எம் பருத்தியில அரைக் குறுக்கம் தின்னுருச்சு" என்றார். அதோடு படலைச் சாத்தி, வெளியிலிருந்து கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே நாங்கள் நாலு பேரும் எருமையும். அது என் கரும்பலகையை மோந்து பார்த்தது. ஏழெட்டை நக்கி அழித்தது. சாயங்காலம் வரை எங்களை ஒருவரும் திறந்துவிடவில்லை.

பிறகு இருளப்பன் வந்து விளக்கினார். அடுத்தவன் வெள்ளாமையை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கிற இடத்துக்கு இங்கே பவுண்டு என்று பேர். அது திருச்சுழிப் பக்கம் இருக்கிறது. மூன்று மைல் எருமையை ஓட்டிக்கொண்டு போவதற்குள் அது வழியிலிருக்கும் மற்றக் காடுகளையும் மேய்ந்துவிடும். எங்கள் ஊருக்கே ஒரு பவுண்டு வேண்டும் என்று ஊர்க்காரர் மனுப் போட்டு மனுப் போட்டுக் கை ஓய்ந்திருந்த நேரம். ஊருக்கு வெளியே, வட்டமாய், ஆள் உயர முள்ளும் வெளியே கட்டுகிற படலும் வந்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? சர்க்கார் மனம் இரங்கி, உபதேசியாரையே பவுண்டுக்காரராகவும் போட்டுவிட்டது என்றுதான் நினைத்தார்கள். நான் ஊற்றின கூழைத் திறப்பு விழாக் கூழ் என்று குடித்திருக்கிறார்கள்.

"இது வீடுங்க, இருளப்பன்" என்றேன்.

"இருக்கட்டும் டீச்சரம்மா. பவுண்டுக்காரவுக உள்ளயே குடியிருந்தா நல்லதுதான். மாடு களவு போகாது."

4

அன்று சாயங்காலம் எருமைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். என் கணவருக்கு மாட்டை விடுவதற்கு என்ன முறை என்று தெரியாது. தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். எருமைக்காரரையும் முத்தையாவையும் எதிரெதிரே நிறுத்தி, மன்னிப்பைப் பற்றிப் பேசி, ஒரு ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்.

அபராதம் இல்லை, கால் மணி நேர ஜெபம் மட்டும் என்ற செய்தி பரவிற்று. அதன் பிறகு நாளுக்கு ஐந்து உருப்படி, ஆறு உருப்படி. இவருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "ஏழு வருஷம் தேடிப் போயும் வராத சனம், இப்ப வாசல்லை நிக்குது பார். கர்த்தர் திறந்த வாசல் இது" என்றார்.

"கர்த்தர் திறந்தால் எருமை ஏன் முதலிலை வருது?" என்றேன். அவர் அடுத்த எருமைக்காரரைக் கவனிக்க வெளியே போய்விட்டார்.

இருளப்பன் அதற்கு ஒரு சட்டமும் வகுத்துக் கொடுத்தார். மாட்டைக் கேட்டு வருகிறவர் அதன் அடையாளம் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சி "ஆமா, இவருதுதான்" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஜெபம், அப்புறம்தான் படல். "வலது காது நுனியில வெட்டு. எடது கொம்பு மொட்டை. பேரு சொன்னா வாலை ஆட்டும்" என்று தினமும் என் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னார்கள். ஒரு கிழவர் தம் செம்மறிக்கு அடையாளமாக, "மூஞ்சி எங்க சின்னையா மாதிரி இருக்கும்" என்றார். சின்னையாவும் கூட வந்திருந்தார். யாரும் மறுக்கவில்லை.

இதற்கிடையில் ஓர் ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், நான் இங்கேதான் இன்னும் குடியிருக்க வேண்டும். பவுண்டின் அனுமதி எண்ணைத் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். "இது பவுண்டு அல்ல, வேலி" என்று இவர் எழுதினார். "மேற்படி வேலி எத்தனை உருப்படி கொள்ளும்?" என்று பதில் வந்தது.

பிள்ளைகளின் படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிருபையின் இங்கிலீஷ் சொல்வதெழுதல் கொப்பியில் எருமை, எருமைக்காரர், மேய்ந்த காடு என்று பத்தி பத்தியாய் வந்தது. சாமுவேல் குளம்பைப் பார்த்தே இது யார் வீட்டு ஆடு என்று சொன்னான். பேச்சும் போயிற்று. "இஞ்சை வா" என்று கூப்பிட்டால், "வாரேன்" என்றான்.

"'வாறன்' எண்டு சொல்லடா. பெரிய மாமா கேட்டால் என்ன நினைப்பார்?"

"சரிம்மா. 'வாறன்'னு சொல்லிட்டு வாரேன்."

பெரியண்ணர் வந்து ஒரு கேள்வி கேட்டால் போதும், என் இரண்டு பிள்ளைகளும் கப்பலேறிவிடுவார்கள்.

5

அவர் வருகிற நாளிலாவது வீடு வீடாக இருக்கட்டும் என்று இருளப்பனிடம் கெஞ்சினேன். அவரும் தமுக்கடித்தார். "நாளைக்கு ஒருநா பவுண்டு லீவு. யாரும் மாடு கொண்டாரக் கூடாது."

நான் யாழ்ப்பாணத்தாள், மூளையை அதற்குமேல் ஓட்டவில்லை. பவுண்டு இல்லையென்றால் மேய்ந்தாலும் அடைக்க மாட்டார்கள் என்று ஊர் கணக்குப் போட்டது. விடிந்ததும் அத்தனை வீட்டுக் கட்டுத்தறியும் காலி. ராக்கம்மாவின் நாலு ஆடும் முத்தையாவின் சோளத்தில் நின்றன. முத்தையாவின் மாடு வேறொருவர் கம்பங்காட்டில் நின்றது. எல்லாரும் எல்லாரையும் ஏசிக்கொண்டு, தீர்ப்புக் கேட்டு எங்கள் படலை நோக்கி வந்தார்கள். ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று நான் இருளப்பனிடம் சொல்லியிருந்தேன். அவர் சொன்ன சொல் தவறாதவர்.

அந்தக் கூட்டத்துக்குள், பட்டுச் சால்வை, குடை, பஸ் தள்ளின கரி முகத்தோடு என் பெரியண்ணர் வந்து சேர்ந்தார். உள்ளேயிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

"இன்னைக்குப் பவுண்டு லீவுங்க. எதைத் தேடி வந்தீக?"

"நான் என்ரை மருமக்களைத் தேடி வந்தனான்."

"அடையாளம் சொல்லுங்க."

"என்ன அடையாளம்? ஒரு பொடியன், ஒரு பெட்டை."

"அது ஊருல நெறையக் கெடக்கு. காதுல கீதுல வெட்டு இருக்கா?"

நான் ஓடிப்போய் உள்ளிருந்து கத்தினேன். படல் வெளியே கட்டியிருந்தது. என் சொந்த அண்ணரை முள்ளிடுக்கு வழியாகப் பார்த்து, "சுகமாய் வந்தீங்களோ?" என்று கேட்டேன்.

6

சோதனை அரைமணி நேரத்தில் முடிந்தது. இங்கிலீஷ் பாட்டைக் கிருபை இரண்டாம் அடியில் விட்டாள். சாமுவேலிடம் இங்கிலாந்தில் என்ன விளைகிறது என்று கேட்டார். அவன் யோசித்து, "மானாவாரியா, கெணத்துப் பாசனமா பெரிய மாமா?" என்றான். பெரியண்ணர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது எங்கள் குடும்பத்தில் நல்ல அடையாளம் அல்ல.

அவர் ஒரு பெரிய தேசப்படப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். பாட்டை மறந்த கிருபை அந்தப் புத்தகத்தை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை. "உங்கட பள்ளிக்கூடத்துல இது மாதிரி எத்தனை இருக்கு மாமா?" என்று கேட்டாள். "அலுமாரி நிறைய" என்றார். நான் அதைக் கவனித்தேன், கவனிக்காததுபோல் இருந்தேன்.

"ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போறன். நாளைக்கே" என்றார் பெரியண்ணர். என் கணவர் ஜெபத்துக்கு எழுந்து நின்றார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்தி அழுதேன்.

வேலிக்கு வெளியே சண்டை ஓய்ந்துவிட்டது. என் வீட்டு விஷயத்துக்கு வேலி போட்டும் பிரயோசனமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. படலைத் திறந்துகொண்டு எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். இருளப்பன் கம்பைத் தரையில் ஊன்றினார்.

"ஐயா பெரியவுக. கோவிச்சுக்கிறக் கூடாது. இந்தப் படலுக்குள்ள இருந்து எதையும் சும்மா ஓட்டிட்டுப் போக முடியாது. அடையாளம் சொல்லணும். சாட்சி ரெண்டு வேணும்."

"பிள்ளையள் என்ன ஆடோ மாடோ?" என்றார் பெரியண்ணர்.

"எங்க ஊருல ஏழு வருசமா மேஞ்சதுகய்யா" என்றாள் ராக்கம்மா. "பொடியனுக்கு வலது பெருவிரல்ல சூட்டுத் தழும்பு. எங்க வீட்டு அடுப்புல, பனங்கிழங்கு எடுக்கப் போய்ச் சுட்டது. பாருங்க."

சாமுவேல் விரலைக் காட்டினான்.

"பாப்பாவுக்கு முழங்கையில ஒரு வடு" என்றார் முத்தையா. "எங்க கெணத்துப் படியில விழுந்தது. நாந்தான் தூக்கியாந்தேன்."

ஆளுக்கொன்றாய்ச் சொன்னார்கள். உச்சந்தலையில் இரட்டைச் சுழி, கடைவாயில் விழுந்த பல், எந்த நாய்க்குப் பயம், எந்தக் குழம்புக்கு அழுவான். சிலது எனக்கே புதுச் செய்தி. எல்லாம் முடிந்து எல்லாரும் பெரியண்ணரைப் பார்த்தார்கள். ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அவர் என்ன அடையாளம் சொல்வார்? சால்வையைச் சரி செய்தார். நாங்கள் பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அவர் மெதுவாகக் கிருபையிடம் திரும்பினார். "நீ சொல்லு பிள்ளை. என்னோடை வாறியோ, இஞ்சை நிக்கிறியோ?"

"நான் இங்கனயே அம்மாகூட இருக்கேன், மாமா. எனக்குப் பெரிய பள்ளிக்கூடமெல்லாம் வேண்டாம்."

ஒரு கையில் தேசப்படம். இடது கை மூக்கைத் தடவிக்கொண்டிருந்தது.

பெரியண்ணர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "பொய் சொல்லேக்கை மூக்கைத் தடவுவாள். இதுதான் நான் சொல்லுற அடையாளம்" என்றார். "ஒரு சாட்சி நான்."

"இன்னொண்ணு?" என்றார் இருளப்பன்.

அந்த அடையாளத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவள் அந்த வட்டத்துக்குள் நான் ஒருத்திதான். என் வயிற்றில் பிறந்தவள் போக ஆசைப்படுகிறாள், என் முகத்துக்காக இல்லையென்கிறாள். கப்பலடியில் நானும் அதே கையை அதே மூக்கில் வைத்துக்கொண்டு நின்றவள்தானே.

"ஆமா" என்றேன், இருளப்பனுக்குப் புரிகிற தமிழில். "அவுகளுதுதான்."

சாமுவேலுக்கு அப்படி அடையாளம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் இங்கேயே நின்றுவிட்டான். கிருபைக்காக என் கணவர் கால் மணி நேரத்துக்கு மேலேயே ஜெபித்தார். ராக்கம்மாவின் ஆடுகளைவிட அவளுக்கு இரண்டு நிமிஷம் கூட. இருளப்பன் படலை அகலத் திறந்து பிடித்தார்.

7

இது போன தையில் நடந்தது. இப்போது கிருபை உங்கள் ஊரில், உங்கள் வேலிகளுக்குள் இருக்கிறாள். வகுப்பில் முதலாவதாம். "ஏழெட்டு என்று கேட்டால் இங்கே வழியில் போகிற ஒருவரும் பதில் சொல்வதில்லை அம்மா" என்று எழுதியிருக்கிறாள். கோயிலில் அவளைக் கண்டால், 'வாரேன்' என்று சொல்கிறாளா என்று கேட்டு எழுதுங்கள்.

பவுண்டு நடக்கிறது. அனுமதி எண்ணும் வந்துவிட்டது, கேட்காமலே. பதிவு எழுதுகிறவன் சாமுவேல். போன வாரம் முத்தையா முதல் தடவையாக ஞாயிறு ஆராதனைக்கு வந்தார். மாடு ஒன்றும் இல்லாமல், சும்மா வந்தார். என் கணவர் பிரசங்கத்தை மறந்துபோனார்.

சகோதரிகளே, பிள்ளையைப் பிரிந்து இருக்கிறாயே, கஷ்டமில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு கஷ்டமும் இல்லை. நான் மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன். பேனா பிடித்திருப்பது என் வலது கை. இடது கை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.